துறைமுகக் குமாஸ்தா ஏறிய கப்பல்

1914-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17-ஆம் தேதி. சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதில் ஏறியவர்களில் ஒருவர், அதே துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் ஓராண்டுக்கு முன்புவரை மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தவர். வயது 26. குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்திருந்தார். கோட்டும் பூட்ஸும் அவருக்குப் புதியவை. அந்தக் கோலத்தில் தாயும் மனைவியும் தம்மைப் பார்க்கக் கூடாது என்று இருவரையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

அவர் கப்பல் ஏறியிருக்க வேண்டுமா, வேண்டாமா? அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தக் கேள்வி ஓயவில்லை. போகாமல் இருந்திருந்தால் இன்னும் பல ஆண்டுகள் வாழ்ந்திருப்பார் என்போர் உண்டு. போகாமல் இருந்திருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது என்போரும் உண்டு. அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால், உண்மையான வருத்தம் எங்கே இருந்தது என்பது விளங்கும்.

தவறிய பரீட்சைகள்

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22-ஆம் தேதி, ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தை சீனிவாச அய்யங்கார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடிச் சிறிது சம்பாதித்தார். வீட்டில் மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டும் குடும்பம் நடந்தது.

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் பையன் பெயர் எடுத்தான். 1903-ல் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று அவன் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் சூத்திரங்கள் அடங்கிய அந்தப் புத்தகத்தில் நிரூபணங்கள் அதிகம் இல்லை. ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க ஆரம்பித்தான். அன்று பிடித்த பித்து கடைசிவரை விடவில்லை.

1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. 1905-ல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பின்னர் திரும்பி வந்து 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் உடல்நலம் குன்றியது. எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி. 1907-ல் தனியாக எழுதிப் பார்த்தார். மறுபடியும் தோல்வி. உடலியல் போன்ற பாடங்கள் அவரைக் கவிழ்த்தன.

இனி அவர் எங்கே போனாலும் பரீட்சை தேறாதவர் என்ற முத்திரைதான். வேலை இல்லை. கையில் தடித்த நோட்டுப் புத்தகங்கள் மட்டும் இருந்தன.

1909 ஜூலையில் தாயார் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார். பெண் ஜானகி, மருதூர் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள ராஜேந்திரம் கிராமத்தைச் சேர்ந்தவள். வயது பத்து. மாப்பிள்ளை வீட்டார் வந்த ரயில் பல மணி நேரம் தாமதம். பெண்ணின் தகப்பனார் பொறுமையிழந்து கல்யாணத்தையே நிறுத்திவிடப் பார்த்தார் என்பார்கள். எப்படியோ கல்யாணம் நடந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி பெண் சில ஆண்டுகள் பிறந்த வீட்டிலேயே இருந்தாள்.

வேலை கேட்டுப் போனவர்

குடும்பம் ஆகிவிட்டது. சம்பாதிக்க வேண்டும். 1910-ல் ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் ராமசாமி அய்யர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று கேட்டார்.

ராமசாமி அய்யர் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினார். வேலை கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இந்தப் பிள்ளையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்தால் இவனுடைய திறமை அங்கேயே செத்துவிடும் என்று நினைத்தார். சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ஒரு வேலையைக் கொடுக்காததன் மூலம் ஒருவருக்கு நன்மை செய்தார் அவர்.

சென்னையில் பேராசிரியர் சேஷு அய்யர் முதலானோர் கைகொடுத்தனர். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். 1911-ல் ராமானுஜனின் முதல் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. ஆனாலும் ஒருவரிடம் மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு இருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரங்கள் 20 ரூபாய்க்குத் தாற்காலிக வேலை பார்த்தார். பிறகு 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மூன்றாம் வகுப்பு, நான்காம் கிரேடு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய்.

வேலை லேசானது. மேலதிகாரி நாராயண அய்யர் கணிதம் தெரிந்தவர். அலுவலகம் முடிந்ததும் இருவரும் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்து விடுவார்கள். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ரயில்வே பொறியாளராக இருந்து வந்தவர். தமக்குக் கீழே இருப்பவர் சாதாரணக் குமாஸ்தா அல்ல என்பதை நாராயண அய்யர் மூலம் தெரிந்துகொண்டார்.

மனைவியும் சென்னைக்கு வந்து சேர்ந்தாள். மாமியார் உடன் இருந்தார். முதல் தேதி சம்பளம் வந்தது. கும்பகோணத்தில் பட்ட பாட்டை நினைத்தால் இது போதும் என்று எவருக்கும் தோன்றியிருக்கும்.

முதல் அழைப்பும் மறுப்பும்

ஆனால் நோட்டுப் புத்தகத்தில் இருப்பதைப் படித்துச் சரியா தவறா என்று சொல்லக்கூடியவர் இங்கே எவரும் இல்லை. நண்பர்கள் சொன்னதன் பேரில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பேக்கர், ஹாப்சன் என்ற இருவரிடமிருந்து உதவி ஏதும் வரவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் தேதி மூன்றாவதாக ஹார்டிக்கு எழுதினார். துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளத்தில் வேலை பார்க்கும் குமாஸ்தா என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, பக்கம் பக்கமாகச் சூத்திரங்களை எழுதி அனுப்பினார்.

ஹார்டியும் அவருடைய சகா லிட்டில்வுட்டும் அதை வைத்துக்கொண்டு இரவு வெகு நேரம் ஆராய்ந்தார்கள். எழுதியவர் முதல் தரமான கணித மேதை என்று தீர்மானித்தார்கள். முதல் இருவர் கைநழுவ விட்ட வாய்ப்பை மூன்றாமவர் பிடித்துக்கொண்டார். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க ஹார்டி உடனே ஏற்பாடு செய்தார். இந்திய மாணவர்களின் நலனைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர் ராமானுஜனை அழைத்துப் போக விருப்பமா என்று கேட்டார்.

ராமானுஜன் மறுத்துவிட்டார்.

காரணம் வெளிப்படை. கடல் தாண்டினால் சாதிக்கு விலக்கு. திரும்பி வந்தால் உறவினர் வீட்டில் பந்தி கிடையாது. கல்யாணம், கருமாதி எதற்கும் அழைப்பு வராது. தாயாருக்குச் சிறிதும் சம்மதமில்லை. சாப்பாட்டு ஆசாரம் வேறு. பெற்றோரும் மனைவியும் தம்பிமாரும் அவர் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். இத்தனையும் சேர்ந்து அவரை இருந்த இடத்திலேயே கட்டிப்போட்டன.

அந்த மறுப்பு அப்படியே நின்றிருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆனால் ஹார்டியின் பாராட்டு சென்னையில் வேலை செய்தது. வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் சிபாரிசு செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1913 மே மாதம் முதல் அவர் பேரேட்டை விட்டு விடுபட்டார்.

1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்ற இளம் கணித அறிஞர் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். ராமானுஜனை எப்படியாவது இணங்க வைக்க வேண்டும் என்பது ஹார்டி அவருக்கு இட்ட வேலை. நெவில் வாதாடத் தயாராக வந்தார். ஆனால் வாதத்துக்கே இடமில்லை. ராமானுஜன் ஏற்கெனவே மனம் மாறியிருந்தார். நாமக்கல்லுக்குப் போய் நாமகிரித் தாயார் சன்னிதியில் தங்கி உத்தரவு பெற்றார் என்று சொல்லப்படுகிறது. தாயார் கனவிலும் தாயார் தோன்றி மகனுக்குக் குறுக்கே நிற்காதே என்று சொன்னதாகக் குடும்பத்தில் சொல்லிக்கொண்டார்கள். தெய்வத்தின் உத்தரவோ, உள்ளே இருந்த ஆசையோ, ஓராண்டு மறுத்தவர் சரி என்றார்.

பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுனும், பயணத்துக்கும் உடைகளுக்கும் 100 பவுனும் கொடுத்தது. அதிலிருந்து பெற்றோருக்கு மாதம் 60 ரூபாய் போய்ச் சேர ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ராமானுஜன் கப்பல் ஏறினார். ஜானகிக்கு அப்போது வயது பதினைந்து. அவளும் உடன் வர ஆசைப்பட்டாள். அழைத்துப் போகவில்லை.

கேம்பிரிட்ஜில்

1914 ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டன் சேர்ந்தார். நெவில் வந்து அழைத்துப் போனார். டிரினிட்டி கல்லூரியில் ஹார்டியுடன் வேலை தொடங்கியது. நான்கே மாதங்களில் உலக யுத்தம் வெடித்தது. காய்கறிக்கும் பாலுக்கும் திண்டாட்டம். சுத்த சைவரான ராமானுஜன் அறையிலேயே தாமே சமைத்துச் சாப்பிட்டார். வேலை மும்முரத்தில் பல வேளைகளில் சமைக்கவும் இல்லை. குளிர் வேறு. கம்பளிகளைப் படுக்கையில் எப்படி விரித்திருக்கிறார்கள் என்பதே தெரியாமல், அவற்றுக்கு உள்ளே நுழையாமல் மேலே படுத்து ஓவர்கோட்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியிருக்கிறார். அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் என்ற வங்காளி நண்பர்தான் கம்பளிகளுக்குள் எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ்தான் அவர்.

கணக்கிலோ கொடி பறந்தது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கிடைத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம்! ஹார்டியுடன் சேர்ந்து அவர் செய்த ஒரு வேலையை எவரும் புரிந்துகொள்ளலாம். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரித்து எழுதலாம். 5 என்றால் ஏழு விதம். 200 என்றால்? 39,72,99,90,29,388 விதங்கள். ஏறக்குறைய நாலு லட்சம் கோடி. எழுதி எண்ணி முடிக்க ஒரு ஜன்மம் போதாது. இந்த எண்ணிக்கையைச் சூத்திரத்தால் நெருங்கிப் பிடிக்கும் வழியை இருவரும் கண்டுபிடித்தார்கள்.

1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவருக்கு முன் அந்தக் கௌரவத்தைப் பெற்ற இந்தியர் ஒருவர்தான்: 1841-ல் பம்பாய்க் கப்பல் கட்டும் பொறியாளர் அர்தேசிர் கர்செட்ஜி. அதே 1918 அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் முதல் இந்திய ஃபெலோவானார்.

கொடுத்த விலை

ஆனால் 1917-லேயே உடல் படுத்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாறிக்கொண்டே இருந்தார். அப்போது காச நோய் என்றே வைத்தியம் பார்த்தார்கள். ஊரில் இருந்தபோதே வந்த வயிற்றுக்கடுப்பு ஈரலில் தங்கிப் பின்னால் பாதித்திருக்கலாம் என்று 1994-ல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். எதுவாக இருந்தாலும் குளிரும் தனிமையும் அரைப் பட்டினியும் நோய்க்குத் துணைபோயின.

நோயைவிடக் கொடுமை மௌனம். அவர் ஜானகிக்கு எழுதிய கடிதங்கள் அவள் கைக்குப் போகவில்லை. அவள் எழுதியவை அவர் கைக்கு வரவில்லை. இடையில் மாமியார் எடுத்து வைத்துக்கொண்டார் என்று ஜானகி பிற்காலத்தில் சொன்னார். அவள் அண்ணன் கல்யாணத்தைச் சாக்கிட்டுக் கராச்சிக்குப் போனவள் மாமியார் வீட்டுக்குத் திரும்பவில்லை. எதுவும் புரியாமல் ராமானுஜன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

1918 தொடக்கத்தில் ஒரு நாள் லண்டன் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் அவர் தண்டவாளத்தில் போய் விழுந்தார். ரயில் ஊழியர் ஒருவர் கண்டு, விசையை இழுத்து ரயிலை நிறுத்தினார். சில அடி தூரத்தில் வண்டி நின்றது. போலீசார் பிடித்துப் போனார்கள். ஹார்டி ஓடிவந்து பேசி மீட்டார். அந்த ரயில் ஊழியரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் பெரிதாக எழுதப்படவில்லை. 1729 என்ற எண்ணைப் பற்றிய புகழ்பெற்ற கதையும், கடைசிக் காலத்துக் கண்டுபிடிப்புகளும் அந்தக் கைவிசை இழுத்த பிறகு உலகுக்குக் கிடைத்தவை.

யுத்தம் முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்தாண்டுகளுக்கு வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில் ராமானுஜன் பதில் எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவு போக மிஞ்சுவதை ஏழை, அநாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உபகாரச் சம்பளம் நின்றதால் தெருவில் நின்ற நாட்களை அவர் மறக்கவில்லை.

பம்பாய்க் கரையில்

1919 மார்ச் 27-ஆம் தேதி நகோயா என்ற கப்பல் பம்பாயை அடைந்தது. தாயாரும் தம்பியும் வந்து காத்திருந்தார்கள். இறங்கிய ராமானுஜன் முதலில் கேட்டது ஜானகி எங்கே என்பதைத்தான். அவள் வரவில்லை. பிறகு சென்னையில் வந்து சேர்ந்தாள். ஐந்தாண்டுக்குப் பிறகு அப்போதுதான் கணவனும் மனைவியும் முகம் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கிடைத்தது ஓராண்டு மட்டுமே. கொடுமுடி, கும்பகோணம், கடைசியாகச் சென்னை சேத்துப்பட்டு என்று இடம் மாறினார்கள். ஜானகி இரவு பகலாகப் பணிவிடை செய்தாள். வலி எடுக்கும்போது வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றடம் கொடுப்பாள். வலி சற்றுக் குறைந்தால் அவர் சிலேட்டைக் கேட்பார், தாளைக் கேட்பார். 1920 ஜனவரி 12-ஆம் தேதி ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் புத்தம் புதிதான ஒரு துறையையே திறந்து வைத்தார்.

அந்த நாட்களில்தான் அவர் மனைவியிடம் மனம் விட்டுப் பேசினார். உன்னையும் அழைத்துப் போயிருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது என்று அவர் சொன்னதை ஜானகி அம்மாள் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். கடல் தாண்டியதையோ, சாதி விலக்கையோ, கட்டிய குடுமியை எடுத்ததையோ பற்றிய வருத்தம் அல்ல அது. அந்தக் கப்பலில் இன்னொரு டிக்கெட் எடுக்காமல் விட்டதைப் பற்றிய வருத்தம்.

1920 ஏப்ரல் 26-ஆம் தேதி ராமானுஜன் காலமானார். வயது 32. திரும்பி வந்ததும் ராமேசுவரம் போய்ப் பிராயச்சித்தம் செய்வதாக இருந்தது. உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. அதனால் ஆசாரம் மிகுந்த உறவினர் பலர் ஈமச் சடங்குக்கு வரவில்லை. 1913-ல் எதற்கு அஞ்சி அவர் மறுத்தாரோ, அது சொன்னபடியே நடந்தது. ஒரு காலத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்த ராமச்சந்திர ராவ் முன்னின்று தகனத்துக்கு ஏற்பாடு செய்தார்.

பிற்காலத்தில் ஹார்டி ஒரு கருத்தை எழுதினார். ராமானுஜனின் வாழ்க்கையில் உண்மையான துன்பம் சிறு வயதில் செத்தது அல்ல, பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையிலான ஆண்டுகள் கவனிப்பாரின்றி வீணானதுதான் என்பது அதன் சாரம். கப்பல் ஏறியதற்காக அழுகிறவர்கள், கல்லூரிக் கதவு சாத்தப்பட்டதற்காக அழுவதில்லை. பரீட்சை விதியைச் சற்றுத் தளர்த்தி ஒரு பையனைக் காப்பாற்றியிருக்கக் கூடிய வாய்ப்பு பலருக்கு இருந்தது. எவரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

தையல் மிஷின்

கணவன் மறைந்தபோது ஜானகிக்கு வயது 21. பிள்ளை குட்டி இல்லை. பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. அவர் பம்பாய்க்கு வந்து அண்ணன் வீட்டில் சில ஆண்டுகள் இருந்தார். பம்பாயில் சும்மா இருக்கவில்லை. தையல் கற்றுக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தனியாகக் குடியிருந்து, துணி தைத்தும் தையல் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார். பெற்றோரை இழந்த ஒரு பையனை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்து ஆளாக்கினார். மிஞ்சிய பணத்தில் ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று கணவர் எழுதியதை, மனைவி தம் தையல் கூலியில் செய்து காட்டினார்.

1976-ல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்த தாள்களைக் கண்டெடுத்தார். ராமானுஜன் கடைசி ஓராண்டில் ஒற்றடத்துக்கு இடையே எழுதியவை. 600-க்கும் மேற்பட்ட முடிவுகள் அவற்றில் இருந்தன. அதன் பிறகு வெளிநாட்டு அறிஞர்கள் ஜானகி அம்மாளைத் தேடி வந்தார்கள். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது எங்கே என்று 1981-ல் அவர் ஒரு பத்திரிகைப் பேட்டியில் கேட்டார். அதைப் படித்த கணித அறிஞர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, அமெரிக்கச் சிற்பி ஒருவரைக் கொண்டு ராமானுஜனின் மார்பளவு வெண்கலச் சிலையைச் செய்வித்தார்கள். அதில் ஒன்று அவருடைய திருவல்லிக்கேணி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

1914-ல் கணவருடன் கப்பலில் வர ஆசைப்பட்டு நிறுத்தப்பட்டவர், அந்தச் சிலையை வீட்டில் வைத்துக்கொண்டு மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1994 ஏப்ரல் 13-ஆம் தேதி, 95-ஆம் வயதில் காலமானார்.